பசுவின் தொண்டையில் இல்லாத பனங்கொட்டை

நயினாதீவில் நடந்தவற்றைவிட நடக்காதவற்றையே பரராசசிங்கத்தார் நன்றாக நினைவில் வைத்திருந்தார். ஆகவே, தன் பசுவோடு ஒரு கீரி சண்டைக்கு வந்து மூக்கைக் கடித்தது என்று அவர் சொன்னபோது, தேத்தண்ணிக் கடையில் ஒருவரும் தலை நிமிரவில்லை.

ஒரு மாதம் கழித்துப் பசு வாய்நீர் வடித்துக் கதறியது. தண்ணீர் தொண்டையில் இறங்கவில்லை. பனம்பழக் காலம், கொட்டை சிக்கிவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். அவருடைய கை தடிப்பு, வாய்க்குள் நுழையாது. அவர் தாடையைப் பிடிக்க, பக்கத்து வளவுப் பெண் நிலாந்தி கையை முழங்கைவரை விட்டுத் துழாவினாள். ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் பசு செத்தது.

கடையில் அவர் சொன்ன கதையில் மட்டும் கொட்டை அகப்பட்டது. அவரே கைவிட்டு இழுத்தார். அது தொண்டைக்குள்ளேயே முளைவிட்டிருந்தது. இதை ஊர் நம்பியது.

பத்தாம் நாள், பசுவின் தலையைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்த மிருக வைத்தியர் கோபிசங்கர் படகால் இறங்கி, கடையில் விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்தார்.

"விசர்நாய் நோய், ஐயா."

"நாயொண்டும் கிட்ட வரேல்லையே."

"நாய்தான் வேணுமெண்டில்லை. அந்தக் கிருமி நாய்க்குள்ள பழகினது. ஆனால் பெருகேக்க கொஞ்சங் கொஞ்சமா மாறும். வேற மிருகத்துக்குள்ள போனால் அனேகமா அதோட முடிஞ்சுபோம். எப்பவாவது ஒண்டு கீரிக்குப் பொருந்திச்செண்டால், கீரிக்குக் கீரி தாவி அங்கையே குடியிருக்கும்."

"அப்ப கீரி கடிச்சது உண்மைதான்," என்றார் பரராசசிங்கத்தார், தனக்கே அது புதுச் செய்திபோல.

"வாய்க்குள்ள கைவிட்டது நீங்களாம். கடையில ஆக்கள் சொன்னவை. கீறல் இருந்தால் உடன ஊசி போடவேணும். நோய் வெளிக்கிட்டால் மனிசருக்கும் தண்ணி இறங்காது, பிறகு ஒண்டும் செய்ய ஏலாது."

அவர் கையில் கீறலில்லை. பசுவின் வாய்க்குள் கைவிட்ட அன்று காலை முழுக்கப் பனையோலை வார்ந்த நிலாந்தியின் விரல்களில்தான் வெட்டு.

"கைவிட்டது நானில்லை. பக்கத்துப் பிள்ளை."

"ஊசிக்குப் பயத்தில புளுகாதேங்கோ," என்று வைத்தியர் சிரித்தார்.

"கொட்டையே இருக்கேல்லைத் தம்பி." வைத்தியரின் சிரிப்பு நின்றது.

ஊசி போட ஆசுபத்திரிக்குப் போகும்போது, குறிகட்டுவான் துறைக்குப் போகும் படகில் நிலாந்தி ஒன்றே ஒன்று கேட்டாள்: "பத்து நாள் கடையில இருந்து கதைச்சனீங்கள், மாமா. என்ர பேர் ஒருக்காலும் வாயில வரேல்லையோ?"

இருவருக்கும் ஊசி போட்டார்கள். பிந்தித்தான் வந்திருக்கிறீர்கள், தவணை தவறாமல் வாருங்கள் என்றார்கள். ஒன்றும் தவறவில்லை. கடைப்பக்கம் மட்டும் அவர் போவதில்லை. காலையில் வேலிக்கு அங்கால் நிலாந்தி செம்பைத் தூக்கித் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை, அவருடைய தேத்தண்ணி கையில் ஆறிக்கொண்டிருக்கும்.