தண்ணியக்கா நீட்டிய கை

கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த அந்த இடத்தில் அவளைத் தண்ணியக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். புதிதாகப் போட்ட கான்கிரீட் வெடித்துப்போகாமல் குழாய் பிடித்துத் தண்ணீர் விடுவது அவள் வேலை. அவள் கணவனோ உயரமான கிரேனின் உச்சியில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து ஓட்டுகிறவன். பட்டப்பெயர் கழுகு. "அக்காவுக்கும் தண்ணி, மாமாவுக்கும் தண்ணி, குடும்பமே தண்ணியிலதான் ஓடுது" என்று கம்பி கட்டுகிறவர்கள் கிண்டலடிப்பார்கள். அவளும் சிரித்து வைப்பாள். அழுதால் மட்டும் பாட்டில் தானாக மூடிக்கொள்ளவா போகிறது?

வேலை முடிந்த பிறகுதான் குடிப்பது என்று வீட்டில் ஓர் ஒப்பந்தம் இருந்தது. அதைப் போட்டவனும் அவன்தான், காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டவனும் அவன்தான். நிறுத்துங்க, நிறுத்துங்க என்று சொல்லிச் சொல்லி அவள் வாய் வலித்ததுதான் மிச்சம். "இப்ப என்ன, வேலை நேரத்துல தண்ணியிலயா இருக்கேன்?" என்பான். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

அன்று வெயில் ஏறியதும் அவளுக்குத் தாகம் எடுத்தது. இரண்டாம் மாடித் தளத்தின் ஓரத்தில் நின்று பாட்டிலைத் திறந்தாள். குப்பென்று மூக்கில் ஏறியது. காலையில் கொட்டகைப் பெஞ்சில் இரண்டு நீல பாட்டில்களும் அருகருகே இருந்தன. அவசரத்தில் அவனுடையதைத் தூக்கி வந்திருக்கிறாள். அது பாதி காலியாக இருந்தது. குடித்துவிட்டுத்தான் மேலே ஏறியிருக்கிறான்.

கிரேனின் கொக்கி இறங்கிக்கொண்டிருந்தது. கீழே இரும்புக் கம்பிக் கட்டின் பக்கத்தில் நின்று அதற்குச் சைகை காட்டிக்கொண்டிருந்தவன் அவளுடைய சொந்தத் தம்பி. கட்டைத் தூக்கி அஸ்திவாரப் பள்ளத்தின் மறுபக்கம் கொண்டுபோக வேண்டும். பள்ளத்துக்குள் ஆட்கள் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

"டேய், நிறுத்துடா!" என்று தம்பியைப் பார்த்துக் கத்தினாள். கலவை இயந்திரத்தின் இரைச்சலில் அது அவள் காதுக்கே கேட்கவில்லை.

சொல்லிவிட்டால் புருஷன் வேலை போகும். வாயை மூடிக்கொண்டிருந்தால் யார் தலை போகும் என்று தெரியாது. தம்பி தலையாகவே இருக்கலாம்.

தினமும் வேலை தொடங்குமுன் பாதுகாப்பு அதிகாரி ஒப்பிக்கிற பாட்டு ஒன்று உண்டு. "தூக்கு, இறக்கு, திருப்புன்னு சைகைக்காரர்தான் காட்டணும். ஆனா நில்லுன்னு யார் வேணும்னாலும் காட்டலாம். ரெண்டு கையையும் பக்கத்துக்கு ஒண்ணா நீட்டினா போதும். கை இறங்கற வரைக்கும் கிரேன் அசையக் கூடாது." அங்கே அதைக் கேட்டுக் கொட்டாவி விடாத ஆள் கிடையாது. அவளும் விட்டவள்தான்.

குழாயைப் போட்டாள். இரண்டு கைகளையும் நீட்டினாள்.

கிரேன் நின்றது.

அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. வானத்தில் பாதியை மறைத்துக்கொண்டு நிற்கிற இரும்பு அது. பத்து லாரி சேர்ந்து இழுத்தாலும் அசையாது என்பார்கள். குழாய் பிடிக்கிற இரண்டு கை சொன்னதற்குக் கட்டுப்பட்டு நின்றது. கொக்கி மட்டும் காற்றில் லேசாக ஆடியது. தம்பி நிமிர்ந்து பார்த்தான். பள்ளத்திலிருந்து ஒவ்வொருவராக மேலே ஏறி வந்தார்கள். யாரோ கலவை இயந்திரத்தையும் அணைத்தார்கள். அவ்வளவு பெரிய இடத்தில் அவ்வளவு அமைதியை அவள் கேட்டதே இல்லை. உள்ளே போன சரக்கு அவன் புத்தியை எங்கெங்கோ இழுத்திருக்கும், ஆனால் நில் என்றதும் நிற்கிற பழக்கத்தை அதனால் தொட முடியவில்லையே என்று நினைத்தபோது அவளுக்குக் கண் நிறைந்தது.

தம்பி மூச்சிரைக்க ஓடி வந்தான். "என்னக்கா ஆச்சு? கையை இறக்கு."

"உங்க மாமா இறங்கட்டும். அப்புறம் இறக்கறேன்."

அவன் அவள் காலடியில் கிடந்த பாட்டிலை எடுத்து மோந்து பார்த்தான். முகம் செத்துவிட்டது. இடுப்பில் இருந்த ரேடியோவை எடுத்து மாமாவை இறங்கி வரச் சொன்னான்.

ஏணியில் கழுகு ஒவ்வொரு படியாக இறங்கியது. நடுவில் ஒரு கால் வழுக்கியபோது கூட்டம் மொத்தமும் மூச்சை இழுத்துக்கொண்டது. அவள் தோள் கடுத்தது. கையை இறக்கவில்லை. அவன் தரையைத் தொட்டு, படியேறி அவளிடம் வந்து சேர்வதற்குள் இன்ஜினியரும் வந்துவிட்டார்.

"எதுக்கும்மா நிறுத்தினீங்க?"

அவள் வாயைத் திறந்தாள். புருஷன் முகத்தைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். தம்பியும் தரையைப் பார்த்தான்.

"சார்," என்றான் கழுகு. "நான் தண்ணியில இருக்கேன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவன் வாயிலிருந்து அந்தச் சொல் கேள்வியாகத்தான் வந்திருக்கிறது.

இன்ஜினியர் பாட்டிலை வாங்கிப் பார்த்தார். "இனிமே நீ மேல ஏற முடியாது. முதல்ல சிகிச்சைக்குப் போ. சரியாகி வந்தா கீழே என்ன வேலை இருக்குன்னு பார்க்கலாம். அதுக்கு மேல நான் வாக்கு குடுக்க மாட்டேன்."

"சரி சார்."

அவள் கைகள் இன்னும் நீட்டியபடியே இருந்தன. மரத்துப்போய், இறக்க நினைத்தாலும் இறங்கவில்லை. கழுகு கிட்டே வந்து ஒவ்வொரு கையாகப் பிடித்து மெல்ல இறக்கிவிட்டான்.

"மேலேருந்து பார்த்தப்பவே நீதான்னு தெரிஞ்சுது," என்றான். "எதுக்குன்னும் தெரிஞ்சுது."

"தெரிஞ்சுமா நின்னீங்க?"

"நில்லுன்னா நிக்கணும்ல," என்று சொல்லிவிட்டு அந்தக் கைகளை விடாமல் அழுதான்.