பழைய கரண்ட் பில்

எங்கள் கம்பெனியில் மூன்றே பேர். மென்பொருளை எழுதியவர் முதலாளி. அதை உடைத்துப் பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்குபவரை 'உடைப்பு' என்போம். நான் திட்டு வாங்குபவள். என் விசிட்டிங் கார்டில் 'வாடிக்கையாளர் கருத்துப் பிரிவு' என்று அச்சடித்திருக்கிறார்கள். பிரிவு என்றால் நானும் என் நாற்காலியும்தான்.

நாங்கள் விற்பது சின்னச் சாமான். கம்ப்யூட்டரில் இருக்கும் எந்த ஃபைலையும் இழுத்து ஒரு மஞ்சள் கட்டத்துக்குள் போட்டால் பாஸ்வேர்டு கேட்கும். கொடுத்தால் பூட்டிக்கொள்ளும். பிறகு அதே பாஸ்வேர்டைக் கொடுத்தால் திறக்கும். இவ்வளவு எளிதான விஷயத்தைப் பற்றி ஜனங்களுக்குச் சொல்ல எவ்வளவு இருக்கிறது என்று இந்த வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. 'என் மாமியாருக்கே புரிந்துவிட்டது, ஐந்து ஸ்டார்' என்று ஒருத்தி எழுதுவாள். 'மஞ்சள் கண்ணை உறுத்துகிறது, இரண்டு ஸ்டார்' என்று ஒருவர் எழுதுவார். 'பூட்டின பிறகும் பழைய ஃபைல் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து போட்டால் என்ன பிரயோஜனம்?' என்று இதை மட்டும் நாற்பது பேர் எழுதியிருந்தார்கள்.

அந்த நாற்பதையும் மீட்டிங்கில் படித்துக் காட்டியது நான்தான். 'பூட்டியதும் மூல ஃபைலை அழித்துவிடு' என்ற கட்டத்தில் நாமே முன்கூட்டி டிக் போட்டுவிடலாம் என்றேன். முதலாளி தயங்கினார். "கஸ்டமர் கேக்கறாங்க சார்" என்று அழுத்திச் சொன்னேன். அன்றிலிருந்து டிக் போட்டே வருகிறது. அந்த மென்பொருளில் என் கைவரிசை என்று சொல்ல அது ஒன்றுதான் உண்டு.

பதில் எழுதுவது பெரிய வித்தை இல்லை. ஆறு பதில்கள் எழுதி எண் போட்டு வைத்திருக்கிறோம். பாஸ்வேர்டு மறந்தவர்களுக்கு மூன்றாம் எண். ஒரு நாளைக்குப் பதினைந்து, இருபது தடவை அது போகும். முதல் வரியில் 'மறந்து' என்று பார்த்ததுமே கை தானாக மூன்றை அமுக்கிவிடும். ஆரம்பத்தில் பாவமாக இருந்தது. பொய் சொல்வானேன், ஒரு வருஷத்தில் அதெல்லாம் நின்றுவிட்டது.

என் அக்கா இறந்து இரண்டு மாதம் ஆகிறது. செப்டம்பரில் வயிற்று வலி என்று படுத்தாள். முற்றிவிட்டது என்றார்கள். இருபத்தேழாவது நாள் அவள் இல்லை. நான்காவது நாளே நான் வேலைக்கு வந்துவிட்டேன். தைரியசாலி என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். தைரியமாவது மண்ணாவது, எனக்கு எதுவும் உறைக்கவில்லை. காபி சூடாக இருப்பதுகூட நாக்கு பொத்துப்போன பிறகுதான் தெரிந்தது.

போன செவ்வாய்க்கிழமை மதியம் மாமா ஆபீசுக்கு வந்தார். அக்கா வீட்டுக்காரர். லிஃப்ட் மெக்கானிக். ஸ்பேனர் பைக்குள்ளிருந்து அக்காவின் லேப்டாப்பைத் துண்டில் சுற்றி எடுத்து என் மேஜையில் வைத்தார்.

"இதைக் கொஞ்சம் பாரும்மா."

திரையில் எங்கள் மஞ்சள் பூட்டோடு ஒரு ஃபைல் இருந்தது. பெயர், 'பழைய கரண்ட் பில்'. இந்த மென்பொருளை அந்த லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தது நான்தான். கம்பெனிக்கு வாடிக்கையாளர் கணக்கு ஏறட்டும் என்று சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் போட்டுக் கொடுத்தேன்.

"கரண்ட் பில்லை எவனாவது பூட்டுவானா?" என்றார் மாமா.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

"பத்தொம்பது வருஷம். என் போன் பாஸ்வேர்டு அவளுக்குத் தெரியும், அவளோடது எனக்குத் தெரியும். என்கிட்ட மறைக்கிற மாதிரி அவளுக்கு என்ன இருந்துச்சு? வேற யாராவது..."

"சீச்சீ, என்ன மாமா."

"நானும் அப்படித்தான் எனக்கே சொல்லிக்கறேன். மனசு கேக்க மாட்டேங்குது. நேத்து பதினோராவது மாடியில பிரேக்கை டைட் பண்ணாமலே இறங்கிட்டேன். கூட வந்தவன் பாத்துட்டான், பொழச்சோம். அவளை நினைச்சு அழணும்னு உக்காந்தா இந்தப் பூட்டுதான் முன்னாடி வந்து நிக்குது. நீங்கதானே இதைச் செய்றவங்க. உங்ககிட்ட ஒரு சாவி இருக்காதா?"

இருக்காது என்பது எனக்குத் தெரியும். பார்க்கிறேன் என்றேன்.

ஃபைலைத் தட்டினால் பூட்டியவர் எழுதிவைத்த நினைவுக் குறிப்பு வரும். அக்கா 'வழக்கமானது' என்று எழுதியிருந்தாள். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள், எது வழக்கமானது என்பதைத்தான் மறந்துபோகிறார்கள். கல்யாண நாள், வண்டி நம்பர், வீட்டு நம்பர், அவள் என்னைக் கூப்பிடும் 'குட்டி' என்று இருபத்து மூன்று தடவை போட்டுப் பார்த்தோம். இருபத்து மூன்று தடவையும் தவறு என்றது. மாமா வேலைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார்.

முதலாளியிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

"உனக்குத் தெரியாததாம்மா? நான் எழுதினதை நானே திறக்க முடியாது. திறக்க முடிஞ்சா அது பூட்டே இல்ல." பிறகு கொஞ்சம் இறங்கி, "ஒரிஜினல் ஃபைல் எங்கயாவது இருக்கும், தேடிப் பாரு. அதே ஃபோல்டர்லயே..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

அந்த டிக் இருவருக்குமே ஞாபகம் வந்துவிட்டது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். நான் என் நாற்காலிக்கு வந்தேன்.

'உடைப்பு' எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "மெஷினை விட்டு ஒவ்வொண்ணா போட்டுப் பாக்கலாம். என் பேரன் காலத்துல திறக்கும்" என்றார். அவருக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. சொன்னதற்காக வருத்தப்பட்டாரோ என்னவோ, சற்று நேரம் கழித்து உருப்படியாக ஒன்று சொன்னார். "இதே மாதிரி 'வழக்கமானது'ன்னு எழுதினவங்க யாராவது பின்னாடி திறந்திருப்பாங்க. என்ன போட்டுத் திறந்தாங்கன்னு கருத்துல எழுதியிருப்பாங்க. தேடிப் பாரேன்."

தேடினேன். அறுபத்தொரு கருத்துகளில் அந்த வார்த்தை இருந்தது. ஒவ்வொன்றையும் கடைசி வரி வரை படித்தேன். இதற்கு முன் நான் எதையும் கடைசி வரி வரை படித்ததில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. ஒருவர் நாயின் பெயரைத் தலைகீழாகப் போட்டுத் திறந்திருந்தார். ஒருத்தி முதல் சம்பளத் தொகையைப் போட்டிருந்தாள். முப்பத்தெட்டாவதில் 'ஒரு வாடிக்கையாளர்' என்று மட்டும் பெயர் இருந்தது.

'பாஸ்வேர்டு மறந்துட்டேன். ஒரு ஃபைலைப் பழைய கரண்ட் பில்னு பேர் மாத்திப் பூட்டினேன். உள்ள இருக்கறது என் ஸ்கேன் ரிப்போர்ட். வீட்டுல தெரிஞ்சா அவர் இடிஞ்சு போயிடுவார், வேற டாக்டரையும் கேட்டுட்டுச் சொல்லலாம்னு நினைச்சேன். பதட்டத்துல என்ன பாஸ்வேர்டு போட்டேன்னே தெரியல. குறிப்புல வழக்கமானதுன்னு இருக்கு. என் வழக்கம் எதுக்கும் திறக்கல. ரிப்போர்ட்டைத் தொலைச்சுட்டேன்னு ஆஸ்பத்திரியில இன்னொரு காப்பி கேட்டா வீட்டு நம்பருக்குத்தான் கூப்பிடுவாங்க. ஏதாவது வழி இருந்தா சொல்லுங்க ப்ளீஸ்.'

தேதி மார்ச் பத்தொன்பது. ஃபைல் பூட்டப்பட்டது மார்ச் பதினான்கு. செப்டம்பருக்கு ஆறு மாதம் முன்னால். ஒரு ஸ்டார் கொடுத்திருந்தாள்.

அதற்குக் கீழே என் பதில். மூன்றாம் எண்.

அதற்கும் கீழே, இரண்டு நாள் கழித்து, அந்த ஒரு ஸ்டார் ஐந்தாக மாறியிருந்தது. 'பரவாயில்லை. பதில் சொன்னவங்க மேல தப்பு இல்லை. நல்ல சாஃப்ட்வேர்தான்' என்று சேர்த்து எழுதியிருந்தாள்.

ஒரு ஸ்டார் வந்தால் என் தலையில்தான் விடியும் என்று அவளிடம் நான் புலம்பியிருக்கிறேன். எல்லாருக்கும் நான் ஒருத்திதான் பதில் போடுகிறேன் என்றும் சொல்லியிருக்கிறேன். அப்படியென்றால் இது யார் கண்ணில் படும் என்று தெரிந்துதான் எழுதினாள். அந்த ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினாள். என் இருமல் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். நான் அரை மணி நேரம் என் இருமலைப் பற்றியே பேசினேன்.

முதலில் அவள்மேல்தான் கோபம் வந்தது. பைத்தியக்காரி, வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா? பிறகு அதுவும் வடிந்துபோனது. இப்போதாவது அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. 'உடைப்பு' எதையோ தட்டிக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியைப் பின்னால் எடுத்தார்கள்.

மாமாவை அழைத்தேன். பின்னால் சுத்தியல் சத்தம் கேட்டது.

"ஃபைல் திறக்கல மாமா. இனிமே திறக்காது. ஆனா உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சுடுச்சு."

"இருங்கப்பா, கொஞ்சம் நிறுத்துங்க" என்று யாரிடமோ சொன்னார். சுத்தியல் நின்றது. "சொல்லும்மா."

"ஸ்கேன் ரிப்போர்ட். மார்ச்லயே எடுத்திருக்கா. நீங்க இடிஞ்சு போயிடுவீங்கன்னு பூட்டி வெச்சிருக்கா. வேற யாரும் இல்ல, வேற எதுவும் இல்ல."

ஸ்பேனரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அழுதார். இரண்டு மாதமாக வராத அழுகை, அவ்வளவு சத்தமாக அழுதார். எனக்குப் பொறாமையாக இருந்தது.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றார் கடைசியில்.

"எங்க கம்பெனிக்கு எழுதியிருந்தா. எனக்குத்தான் வந்துச்சு."

"மார்ச்லயா?"

"மார்ச்லதான்."

"அப்பாடா" என்றார். நிஜமாகவே அவர் குரல் லேசாகியிருந்தது. "உன்கிட்டயாவது சொல்லியிருக்காளே. என்கிட்ட சொல்லாதேன்னு உன் வாயையும் கட்டிப்போட்டாளாக்கும். போகட்டும். தனியா வெச்சுக்கிட்டுத் தவிக்கலையே, அது போதும் எனக்கு."

ஆமாம் மாமா என்று சொல்லிப் போனை வைத்திருக்கலாம். வைத்திருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும்.

"நீ அவளுக்கு என்னம்மா சொன்ன?"

அது என் முன்னால் திரையிலேயே இருந்தது. அவருக்குப் படித்துக் காட்டினேன்.

"தங்கள் மேலான கருத்துக்கு நன்றி. கடவுச்சொற்களை எங்கள் நிறுவனம் சேமித்து வைப்பதில்லை. ஆகவே தங்கள் கோப்பைத் திறந்துதர இயலாது. தங்கள் தகவல் முழுப் பாதுகாப்புடன் இருக்கிறது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்."