பாதித் தாவலில் நின்றவன்

1994-ஆம் வருஷம் ஐப்பசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஸுதர்சன் நிறுத்திவிட்டுப் போன வீடியோ கேம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பதினொன்றரை வருஷம் அணையவில்லை. சின்ன காஞ்சிபுரத்தில் கணக்கு வாத்தியார் சக்ரவர்த்தியின் வீட்டு ஹாலில், இருபது அங்குல டிவியில், சிவப்பு முண்டாசு கட்டிய குள்ளன் ஒருவன் இரண்டு கூரைகளுக்கு நடுவே அந்தரத்தில் நின்றான். அவன் இடது கால் மடங்கியிருந்தது. கீழே கறுப்பாகப் பள்ளம். மேல் மூலையில் நேரம் 41, உயிர் 1 என்று காட்டியது. மெக்கானிக் வீராசாமி வந்து பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்தார். "பிக்சர் ட்யூப் நல்லாத்தான் கீது சார். கரண்டு ஒண்ணுதான் இல்ல," என்று சொல்லி, திருப்பி மாட்டி, காபி குடித்துவிட்டுப் போனார். மின்வெட்டுக் காலங்களில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சாயங்காலம் புத்தகத்தோடு அந்த ஹாலுக்கு வந்தார்கள். இரண்டு பேர் அந்த நீல வெளிச்சத்தில் படித்தே பத்தாம் வகுப்பு பாஸானார்கள்.

ஊரில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வைகாசிக் கருட சேவையன்று கோபுர வாசலில் பெருமாளை ஒரு நிமிஷம் நிறுத்திக் குடையால் மறைக்கிற ஊர் அது. எப்போதோ ஒரு காலத்தில் சோளிங்கரிலிருந்து வர முடியாமல் போன ஒரு பக்தருக்காக அந்த நிமிஷம். அவர் பார்த்துவிட்டார் என்று ஆன பிறகுதான் குடை விலகும், கூட்டம் நகரும். வர முடியாதவனுக்காக ஊர்வலமே நிற்கும்போது ஒரு டிவி நிற்பதில் என்ன அதிசயம் என்று விட்டுவிட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது இவ்வளவுதான். வாத்தியாரின் மகன் ஸுதர்சனுக்குப் பதின்மூன்று வயது, அக்கா ஸுபத்ராவுக்குப் பதினாறு. மாமா பர்மா பஜாரில் வாங்கிக் கொடுத்த வீடியோ கேம் செட்டு. அதில் இரண்டு பேர் ஆடலாம், ஆனால் ஒருவர் மூன்று உயிரும் தீர்ந்து விழுந்தால்தான் அடுத்தவருக்குச் சான்ஸ். ஸுதர்சன் அன்றைக்குக் கடைசி உயிரில் நாற்பது நிமிஷமாக விழவேயில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸுபத்ரா, எல்லா அக்காக்களும் சொல்கிற மாதிரி, "விழு, விழு, விழு" என்று ஜபித்துக்கொண்டிருந்தாள். "வாயை மூடேன் அக்கா, உன் கண்ணே பட்டுடும்," என்றான் அவன். வாசலில் சைக்கிள் மணி அடித்தது. தாமல் ஏரி நிரம்பி வழிகிறதாம், பார்க்க வருகிறாயா என்று சிநேகிதர்கள். குள்ளன் கூரையிலிருந்து தாவியிருந்தான். பாதித் தாவலில் ஸுதர்சன் பட்டனை அழுத்தி நிறுத்தினான். "நான் வர்ற வரைக்கும் இவன் இப்படியே நிப்பான். உனக்குச் சான்ஸே கிடையாது, போ."

"விழத்தான் போறே, பாரு!" என்று அவள் முதுகுக்குப் பின்னால் கத்தினாள். அவன் சிரித்துக்கொண்டே நீலச் செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

ஒரு செருப்பு ஏரிக்கரையில் கிடைத்தது. மற்றதும் கிடைக்கவில்லை, அவனும் கிடைக்கவில்லை. சக்ரவர்த்தி தண்ணீர் போன வழியெல்லாம் போய், மூன்று ஆறும் சேருகிற திருமுக்கூடல் வரை பத்து நாள் தேடிவிட்டுத் திரும்பினார். செய்ய வேண்டியதைச் செய்துவிடலாமா என்று பெரியவர்கள் மெல்லக் கேட்டபோது, அவர் மனைவி மரகதவல்லி டிவியைக் காட்டினாள். "நிக்கறானே. விழலையே, பாருங்கோ." முப்பத்தொரு வருஷம் நிரூபணம் சொல்லிக் கொடுத்த வாத்தியார் பெரியவர்களை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

அப்புறம் வருஷங்கள் போயின. மரகதவல்லி வெள்ளிக்கிழமைதோறும் கண்ணாடித் திரையைத் துடைத்தாள். சித்திரை வெயிலில் ஃபேனை டிவி பக்கம் திருப்பி வைத்தாள். சக்ரவர்த்தி ரிடையரானார். 1999-இல் ஸுபத்ராவைப் பூவராகவன் என்கிற பேங்க் மாப்பிள்ளைக்குக் கொடுத்தார்கள், அவள் புனேவுக்குப் போனாள். ஒரு ஆட்டத்தையும் அவள் தொடவில்லை. கல்யாண வீட்டில் சீட்டுக்கு ஆள் குறைந்தால் எழுந்து போய்விடுவாள். மொபைலில் வந்த பாம்பு ஆட்டத்தைக்கூடத் திறந்ததில்லை. கடைசியாக அவனிடம் என்ன சொன்னாள் என்பதை அவள் புருஷனிடமும் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. ஊருக்கு வந்தால் டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் சாப்பிடுவாள்.

2006 வைகாசியில் உற்சவத்துக்கு வந்தவளை, பெட்டியைக் கீழே வைப்பதற்குள் மரகதவல்லி கூப்பிட்டாள். "பதினொண்ணரை வருஷமா ஒரு காலை மடக்கிண்டு நிக்கறான். வலிக்காதாடி அவனுக்கு? நீதான் அவனோட ஆடினவ. அந்தப் பக்கம் இறக்கி விடு."

"எனக்கு எல்லாம் மறந்துபோச்சும்மா."

"மறந்தா கத்துண்டு வா."

எங்கே போய்க் கற்பது? வீட்டில் இருந்தது அந்த ஒரு ஆட்டம்தான், அதைத் தொட்டால் அவன் நகர்ந்துவிடுவான். காந்தி ரோட்டுப் பக்கம் ஒரு மாடியில் பிரௌசிங் சென்டர் இருந்தது. முசரவாக்கத்திலிருந்து வரும் பிரியதர்ஷினி என்கிற பெண் அதை நடத்தினாள். பட்டுப் புடவையும் காலில் மெட்டியுமாக வந்து வீடியோ கேம் ஆட வேண்டும் என்றவளை அவள் ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னா கேமுக்கா? பேர் சொல்லுங்க, தேடிப் பாக்கலாம்."

பேர் ஜப்பான் எழுத்தில் இருந்தது, படித்ததே இல்லை. ஸுபத்ரா வெட்கத்தை விட்டு அதன் பாட்டை முனகிக் காட்டினாள். நாலு சுரம் போவதற்குள் பிரியதர்ஷினி மேஜையைத் தட்டினாள். "அட, முண்டாசுக்காரன்! எங்கண்ணன் சோறு தண்ணி இல்லாம இத்த ஆடிக்கினே கெடப்பான்."

முதல் நாள் ஸுபத்ரா நாற்பத்திரண்டு முறை விழுந்தாள். ஒவ்வொரு முறையும் குள்ளன் விழும்போது ஒலிக்கிற அந்தச் சின்ன இறங்கு ராகம் கேட்டதும் அவள் பட்டனிலிருந்து கையை எடுத்துவிட்டாள். பின்னால் இருந்த காலேஜ் பிள்ளைகள், "ஆன்ட்டி, குதிங்க ஆன்ட்டி! ஐயோ, போயிட்டாம்பா!" என்று கத்தினார்கள். இரண்டாம் நாள் அவர்களே ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து உற்சாகப்படுத்தினார்கள். மூன்றாம் நாள் கட்டைவிரலுக்குப் பழைய ஞாபகம் வந்தது. நாலாம் நாள் அந்தப் பள்ளத்தைப் பத்துக்குப் பத்து முறையும் தாண்டினாள். அதில் அவளுக்கே தெரியாமல் ஒருமுறை சிரித்தும்விட்டாள்.

அப்புறம்தான் அவள் கேட்டாள், பாதித் தாவலிலிருந்து ஆரம்பிக்க முடியுமா என்று. முடியும் என்று பிரியதர்ஷினி பக்கத்தில் உட்கார்ந்தாள். விளிம்பிலிருந்து எத்தனை ஓடு தள்ளி, எத்தனை உயரம், கால் எப்படி மடங்கியிருக்கிறது, எல்லாம் ஸுபத்ராவுக்கு மனப்பாடம். முதுகைக் காட்டி உட்கார்ந்தவளுக்குத்தான் அது அவ்வளவு சரியாகத் தெரிந்திருந்தது. அதே இடத்தில் நிறுத்தி, சேமித்து வைத்துக்கொண்டு, இரண்டு பேரும் மாற்றி மாற்றி ஆடினார்கள். அறுபது முறை. அறுபது முறையும் விழுந்தான்.

"வேலைக்காவாதுக்கா," என்றாள் பிரியதர்ஷினி. "இங்கேர்ந்து சாமியே வந்து ஆடுனாலும் வுழுவான். ஒரு ஓடு முன்னாடியே காலை எட்த்துட்டான். குதிச்சப்பவே தப்பு. யாருக்கா ஆடுனது?"

"என் தம்பி."

"அவரு வந்தா இட்டாங்க, நான் கத்துக் குடுக்கறேன்."

"சரிம்மா," என்று சொல்லிவிட்டு ஸுபத்ரா படியிறங்கினாள்.

மறுநாள் கருட சேவை. கோபுர வாசலில் குடை மறைத்து விலகியதை அப்பா, அம்மா, ஸுபத்ரா மூன்று பேரும் பார்த்துவிட்டு, காலை ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தார்கள். மரகதவல்லி கேட்டாள், "தாண்டிடுவானோ?"

"மாட்டாம்மா. யார் ஆடினாலும் தாண்டமாட்டான்." அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவ்வளவு வருஷம் அடைத்திருந்தது வந்துவிட்டது. "நான்தாம்மா சொன்னேன். விழுன்னு சொன்னேன். விழத்தான் போறேன்னு கத்தினேன்."

மரகதவல்லி மடிப்பு கலையாமல் புடவைத் தலைப்பைத் தோளில் சரிசெய்துகொண்டாள். "தெரியும். அடுக்களைலேருந்து கேட்டுண்டுதான் இருந்தேன். நீ தினமும்தான் சொல்லுவே. அவனும் தினமும் விழுந்து எழுந்துண்டுதான் இருந்தான்." திரையை ஒருமுறை துடைத்துவிட்டுச் சொன்னாள். "அன்னிக்கே உன்கிட்ட இதைச் சொல்லியிருக்கலாம். எனக்கு மனசு வரலைடி. யார் மேலயாவது கோவமா இருக்கணும்போல இருந்துது." அப்படிச் சொல்லிவிட்டு, மகளின் கையைப் பிடித்து டிவிக்கு முன்னால் உட்கார வைத்தாள். "வலிக்கறது அவனுக்கு. விட்டுடு."

சக்ரவர்த்தி உள்ளே போய், பள்ளிக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போன கறுப்புக் குடையைக் கொண்டுவந்தார். அதை விரித்து டிவிக்கு முன்னால் பிடித்துக்கொண்டார். குடைக் கம்பிகள் திரையில் மெல்ல மோதின. ஸுபத்ரா பட்டனை அழுத்தினாள். சின்ன வயதில் அவள் அந்த வீட்டில் கேட்ட பாட்டு அரை வரி போயிற்று, உடனே அந்த இறங்கு ராகம் கேட்டது. விழுந்ததை யாரும் பார்க்கவில்லை.

குடைக்கு அடியிலிருந்து தண்ணீர் வந்தது. முதலில் சொட்டாக, அப்புறம் மளமளவென்று, ஹாலில் கணுக்கால் அளவுக்கு. ஏரித் தண்ணீர்தான், பாசி வாடை அடித்தது, இரண்டு கெண்டைக் குஞ்சுகளும் வந்தன. கடைசியாக ஒரு நீலச் செருப்பு மிதந்து வந்து சக்ரவர்த்தியின் காலில் தட்டி நின்றது. மரகதவல்லி அதை எடுத்து முந்தானையால் துடைத்தாள். பரணில் இருந்த இன்னொன்றை இறக்கி, இரண்டையும் ஜோடியாகச் சுவர் ஓரம் வைத்தாள். சின்னப் பையன் செருப்பு, அவள் ஒரு கைக்குள்ளேயே அடங்கியது. அப்போதுதான் அவள் அழுதாள். தெருக்கோடி வரைக்கும் கேட்டது. சக்ரவர்த்தி குடையை மடக்கிவிட்டுக் கிணற்றடிக்குப் போய் ஸ்நானம் பண்ணினார். பதினொன்றரை வருஷமாகச் செய்யாமல் இருந்ததையெல்லாம் அன்றிலிருந்து ஒவ்வொன்றாகச் செய்தார்.

டிவியில் 2 என்று வந்திருந்தது. பச்சை முண்டாசு கட்டிய குள்ளன் ஒருவன் முதல் கூரையில், மூன்று உயிரோடு, காத்துக்கொண்டிருந்தான். ஸுபத்ரா அவனைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். தரையைத் துடைத்துப் பிழிந்துகொண்டிருந்த மரகதவல்லி நிமிராமல் சொன்னாள். "உன் சான்ஸ் வந்துடுத்து. ஆடேன்டி."

அவள் ஆடினாள். இன்றைக்கும் டிவிக்குப் பிளக் கிடையாது. ஸுபத்ரா புனேவிலிருந்து வரும்போதெல்லாம் விட்ட இடத்திலிருந்து கொஞ்சம் ஆடுவாள், போகும்போது கூரைமேல் இரண்டு காலும் ஊன்ற நிறுத்தி வைத்துவிட்டுப் போவாள். அந்தப் பள்ளம் வரும் கட்டங்களில் அடுக்களையிலிருந்து, "பார்த்துத் தாண்டு," என்று குரல் வரும். தாண்டும்போது ஹால் தரை கொஞ்சம் ஈரமாகும். அதற்கென்று ஒரு பழைய வேஷ்டியை டிவிக்குப் பக்கத்திலேயே மடித்து வைத்திருக்கிறார்கள்.