பெல்ட்டின் ஓட்டு

வைத்திலிங்கத்தின் தலையை நெடுமாறன் தூக்கிப் பிடிக்க, பக்கத்து வீட்டுப் பொற்கொடி தாடையைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டிருந்தாள். தலையணைக்கு அடியில் போன் அதிர்ந்தது. முடிச்சு அவள் விரலிலிருந்து நழுவியது.

"எடுத்து அந்தாண்ட போடு இசை. பொணத்துக்கு அடியில போன வச்சிகினு," என்றாள்.

இசைப்பிரியா எடுத்துத் தாவணிக்குள் மறைத்துக்கொண்டாள். பார்க்காமலே தெரியும். ஆட்டத்தில் யாரோ கேட்டிருப்பார்கள்: 'பெல்ட், இன்னைக்கு உங்க ஓட்டு யாருக்கு?'

சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓரம் இருபத்தோரு வருடம் காண்ட்ராக்டில் மண் தள்ளியவர் அப்பா வைத்திலிங்கம். பெர்மனென்ட் ஆகவில்லை, 'பெல்ட்டு' என்ற பட்டப்பெயர்தான் நிலைத்தது. மூன்று வருடத்துக்கு முன் வாதம் வந்து வலது கையும் பேச்சும் போயின. அவரைத் தூக்கி உட்கார வைக்க ஒரு ஆள் வேண்டியிருந்ததால் இசைப்பிரியாவின் படிப்பு பத்தாவதோடு நின்றது. அவர் குழறுவது அவளுக்கும் அம்மா மாணிக்கம்மாளுக்கும் மட்டுமே விளங்கும். வந்தவர்கள் இரண்டு தடவை "என்னாது?" என்று கேட்டுவிட்டு, மூன்றாவது தடவை விளங்கியதுபோல் தலையாட்டுவார்கள். போகப்போக வருவதையும் நிறுத்தினார்கள்.

அப்போதுதான் இந்த ஓநாய் ஆட்டம் போனில் கிடைத்தது. பத்துப் பேர், யாருக்கும் யாரையும் தெரியாது, எல்லாருக்கும் புனைபெயர்; அப்பா அங்கேயும் 'பெல்ட்'. அதில் இரண்டு பேர் ஓநாய், மற்றவர்கள் ஊர்க்காரர்கள். யார் ஓநாய் என்பது ஓநாய்களுக்கு மட்டும் தெரியும்; கடைசிவரை மாட்டாவிட்டால் அவர்களுக்கு ஜெயிப்பு. நாள் முழுக்கப் பேசிப் பேசி, மாலை ஆறு மணிக்குள் ஓட்டுப் போட்டு ஓநாய் என்று தோன்றும் ஒருவரை வெளியேற்ற வேண்டும். அப்பா குழறுவார், அவள் எழுதுவாள். அங்கே மட்டும் யாரும் அவரை "என்னாது?" என்று கேட்கவில்லை. நாலு பேர் முன்னால் வாய் திறக்காத அவளும் அங்கே அப்பாவின் பெயரில் வாயாடினாள்.

பின்கட்டில், துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து எழுதினாள்.

'நான் பெல்ட்டோட மகள். அப்பா இன்னைக்கு காலைல இறந்துட்டார். ஓட்டு போட முடியாது.'

முதலில் வந்தது ஒரு சிரிப்புப் படம்.

'பெல்ட் அண்ணே, போன மாசம் ஆஸ்பத்திரி. இந்த மாசம் நேரா சுடுகாடா?'

'சந்தேகப்பட்டு கேட்டா உடனே மகள் வந்துடுது.'

'பெல்ட்தான் ஓநாய். என் ஓட்டு பெல்ட்டுக்கு.'

இசைப்பிரியாவுக்குக் காது சுட்டது. போன மாத ஆட்டத்தில் அப்பா ஓநாய். மாட்டிக்கொள்ளும் நேரத்தில், "ஆஸ்பத்திரின்னு போடு," என்றார். அவள் போட்டாள். இரண்டாவது மாடி, ஜன்னல் ஓரக் கட்டில், டாக்டர் பேசக் கூடாது என்கிறார். ஜன்னல் ஓரக் கட்டில் அவளே சேர்த்தது. எல்லாரும் இரக்கப்பட்டு விட்டுவிட, அப்பா ஜெயித்தார். எச்சில் ஒழுக ஒழுகச் சிரித்தார். அதைத் துண்டால் துடைத்த அம்மாவும், "இப்படியா பொய் சொல்லுவாங்க," என்று சிரித்தாள்.

இப்போது ஏழு பேர் மிச்சம். நாலு ஓட்டு விழுந்தால் ஆறு மணிக்கு அப்பா வெளியே; அதுவரை ஓட்டை மாற்றலாம். பத்து மணிக்கு மூன்று விழுந்திருந்தது. நாலாவது ஓட்டு, 'மூக்குத்தி' என்ற பெயரில் ஆடும் ஆள் போட்டது.

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. நேற்று முழுக்க அப்பாவோடு சண்டையே இந்த மூக்குத்தியை வைத்துத்தான். அதுதான் ஓநாய் என்று அவள் அடித்துச் சொன்னாள். யாரையும் குற்றம் சொல்லாமல், நாலு பேர் சொன்ன பிறகு அஞ்சாவதாகத் தலையாட்டும் ஆள் அது. அப்பா ஒப்பவில்லை.

"தெனம் மத்தியானம் சாப்டீங்களான்னு கேக்குது. அந்தப் புள்ள பொய் சொல்லாது."

"அப்படி கேட்டுத்தாம்பா ஏமாத்துறாங்க."

"அதுக்கு மட்டும் போடாத."

அதுதான் அவர் அவளிடம் கடைசியாகச் சொன்னது. நம்பியதற்குக் கூலி இந்த நாலாவது ஓட்டு.

அப்பா இந்த ஆட்டத்தில் ஊர்க்காரர். ஒரு பொய்யும் சொல்லவில்லை. பொய்க்காரராகவே அங்கிருந்து போகப்போகிறார்.

உள்ளே போனாள். உடம்பைக் கூடத்தில் கிடத்தி, மாலை போட்டு, நெற்றியில் நாணயம் ஒட்டியிருந்தார்கள். கால்மாட்டில் நின்று போனை உயர்த்தினாள். திரைக்குள் அப்பா சின்னதாகத் தெரிந்தார். மூக்கில் பஞ்சு, தாடையில் துணி. இதை அனுப்பினால் நம்புவார்கள்.

மாணிக்கம்மாள் நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். புருஷன் முகத்தில் உட்கார்ந்த ஈயைக் கையால் ஓட்டிவிட்டு, மறுபடியும் மகளைப் பார்த்தாள்.

இசைப்பிரியா போனை இறக்கிக்கொண்டாள்.

இதற்குள் நெடுமாறன் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்து வந்திருந்தான். அப்பாவோடு ஒரே ஷிப்டில் கிடந்தவன். மாணிக்கம்மாளிடம் சொன்னான்: "மந்தாரக்குப்பம் பஸ் ஸ்டாண்டு முழுக்க ஒட்டிட்டேன் அண்ணி. 'பெல்ட்டு' வைத்திலிங்கம்னு போட்டாத்தான் நம்ம ஆளுங்களுக்குத் தெரியும். வெறும் வைத்திலிங்கம்னா எவன்டா அதும்பானுங்க."

இரண்டு மணிக்கு, சாமியானாவுக்கு வெளியே ஒரு அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். ஐம்பது வயதிருக்கும். கையில் காய்கறிப் பை, இன்னொரு கையில் ரோஜா மாலை. சுரங்கக் கம்பெனி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ்காரர் என்று பார்த்தாலே தெரிந்தது. யார் வீட்டு உறவு என்று பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாலையைப் போட்டுவிட்டு, அப்பாவின் முகத்தையே பார்த்து நின்றார். பிறகு மெதுவாக, "இவரோட மக யாரு?" என்றார்.

பொற்கொடி கையைக் காட்டினாள்.

இசைப்பிரியாவின் பின்னாலேயே அந்த அம்மாள் பின்கட்டுக்கு வந்தார். பையைக் கீழே வைத்தார், மறுபடி எடுத்தார்.

"என் பேரு புஷ்பவல்லி. காய் வாங்க வந்தேன். போஸ்டர்ல பெல்ட்டுன்னு பார்த்தேன். தேதியும் பார்த்தேன்." மூச்சு வாங்கினார். "நான்தாம்மா மூக்குத்தி."

அவர் மூக்கில் ஒன்றும் இல்லை. இசைப்பிரியா அதையே பார்த்தாள்.

"காலைல நானும் அவருக்கு எதிரா ஓட்டு போட்டேன். விளையாட்டுன்னு நெனச்சுட்டேன்."

இசைப்பிரியா துவைக்கும் கல்லில் உட்கார்ந்துகொண்டாள்.

"இத்தன நாளு எழுதுனது நீயா?"

"அவரு சொல்லுவாரு. நான் எழுதுவேன்."

"என்னப் பத்தி ஏதாவது சொல்லுவாரா?"

சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தது. வாய் கேட்கவில்லை. "நேத்து உங்களுக்கு மட்டும் ஓட்டு போடக் கூடாதுன்னாரு. சாப்டீங்களான்னு கேக்குற புள்ள பொய் சொல்லாதுன்னாரு."

"புள்ளயா," என்றார் புஷ்பவல்லி. சிரிக்கப் போவதுபோல் உதடு கோணியது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

பிறகு தன் போனை எடுத்தார். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். இசைப்பிரியாவின் கையில் போன் அதிர்ந்தது.

'இந்த ஆட்டத்துல நான்தான் ஓநாய். என்னை வெளியேத்திக்கங்க. பெல்ட் பொய் சொல்லலை. அவர் வீட்டு வாசலுக்கு வந்து பார்த்துட்டேன். இறந்துட்டார்.'

அவள் இரண்டு முறை படித்தாள். நேற்று முழுக்க அவள் சொன்னதுதான் சரி. அதைச் சொல்லிக் காட்ட அப்பா இல்லை.

"மத்தியானம் சாப்டியாம்மா?" என்றார் புஷ்பவல்லி.

அவள் இல்லை என்று தலையாட்டினாள். சாவு வீட்டில் எடுக்கும்வரை அடுப்பு எரியாது. அவர் பையிலிருந்து இரண்டு வாழைப்பழத்தைப் பிய்த்து, துவைக்கும் கல்லின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

மூன்றரைக்கு எடுத்தார்கள். பெண்கள் தெருமுனைவரை போய்த் திரும்பினார்கள். வீட்டைக் கழுவிவிட்டு, தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரத்தலையோடு கூடத்தில் உட்கார்ந்தார்கள்.

ஐந்தே முக்காலுக்கு போனில் அலாரம் அடித்தது. ஓட்டு மறந்துவிடக் கூடாது என்று அப்பா வைக்கச் சொன்னது. பொற்கொடி திரும்பிப் பார்த்தாள். இசைப்பிரியா அவசரமாக அமர்த்தினாள். சார்ஜ் நாலு சதவீதம் என்று காட்டியது.

குழுவில் புஷ்பவல்லி எழுதியதற்குக் கீழே ஒன்றுமில்லை. யாரோ எழுதுவதாகக் காட்டியது, நின்றது. வேறொருவர் எழுதுவதாகக் காட்டியது, அதுவும் நின்றது.

மாணிக்கம்மாள் எழுந்து போனாள். தினம் இந்த நேரத்துக்குச் செய்வதுபோல் ஆணியில் தொங்கிய சார்ஜரை எடுத்துவந்து, அப்பாவின் கட்டில் ஓரமிருந்த பிளக்கில் செருகினாள். ஒயரின் மறு நுனியை மகளிடம் நீட்டினாள்.