செலீனின் முழங்காலும் செவ்வாய்க்கிழமையும்

என்ர மனிசிக்கு மூளை இல்லையெண்டு நான் சொல்லமாட்டன். இருக்கு. செவ்வாய்க்கிழமைகளில மட்டும் அதை வீட்டில வச்சிட்டுப் போறா.

செலீனுக்கு ரெண்டு முழங்காலும் தேய்ஞ்சு போச்சு. எங்கட மகன் றேமண்டை ஆமி சோதனைச் சாவடியில பிடிச்சு, தெற்க காலிப் பக்கம் ஒரு முகாமில வச்சிருக்கிறாங்கள். கேற்றில இருந்து பிள்ளையளைப் பாக்க விடுற மண்டபத்துக்கு வெயிலுக்குள்ள நல்ல தூரம் நடக்கவேணும். ஓட்டோவை உள்ள விடமாட்டாங்கள். ஒருக்காப் போனவ, பாதி வழியில இருந்து அழுதிட்டுத் திரும்பி வந்திட்டா. பிடிச்ச நாளில இருந்து அவன் தாயின்ர முகத்தைக் காணேல்ல.

அதுக்குத்தான் கொட்டாஞ்சேனையில இருந்து ரெண்டு பஸ் மாறி வெள்ளவத்தைக்கு, முழங்காலுக்குப் பயிற்சி குடுக்கிற ஷபீகா மிஸ்ஸின்ர கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு திரியிறன். அங்க ஒரு மெசின். காலுக்குக் கீழ பட்டி ஓடும், அதில நடக்கவேணும். இடுப்பில வார் கட்டி, மேல கம்பியில கொளுவித் தூக்கிவிடுவினம். உடம்புப் பாரத்தில பாதியை மெசின் தாங்கும். முதல்நாள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு செபமாலை சொன்னா. கொஞ்சத்தால பாத்தால் சிரிக்கிறா. “இஞ்சேருங்கோ, நோகேல்ல! உண்மையா நோகேல்ல!” எண்டு கத்திக் கிளினிக்கில இருந்த சனத்தையே கூட்டிப்போட்டா.

நல்லாத்தான் வந்தது. ஆனா புதன்கிழமை விடிஞ்சால் முழங்கால் ரெண்டும் பணிஸ் மாதிரி வீங்கிக் கிடக்கும்.

“அங்கிள், வீட்டில அன்ரிக்கு என்ன வேலை குடுக்கிறீங்க?” எண்டு ஷபீகா மிஸ் கேட்டா. நான் என்னவோ மாவிடிக்க விட்டமாதிரி! எனக்கு வந்த விசர்.

அடுத்த செவ்வாய் “நவநாள் செபத்துக்குப் போறன்” எண்டு வெளிக்கிட்டவவுக்குப் பின்னால போனன். கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் வாசலில முழந்தாள் போட்டு, சனத்துக்குள்ளால பீடம் வரைக்கும் அப்பிடியே முழந்தாளிலயே போறா, என்ர மனிசி! றேமண்ட் வெளியில வருமட்டும் கிழமைக்கு ஒருக்கா எண்டு நேர்த்திக்கடனாம்.

“அப்ப என்ன கோதாரிக்கு அந்த மெசினில ஏறுறீர்?” எண்டு வீட்டில வந்து கத்தினன்.

“அதில நடக்காட்டி முழந்தாளில நிக்க ஏலாதே” எண்டா, ஆறுதலா.

“பிள்ளையைப் பாக்கத்தானே உமக்கு இந்தக் கால்!”

“கம்பிக்குப் பின்னால நிண்டு பாக்கவோ நான் பெத்தனான்? அவன் வீட்ட வரவேணும்.”

அந்த மாதமும் முகாமுக்குத் தனியத்தான் போனன். றேமண்ட் எனக்குப் பின்னால எட்டிப் பாத்தான். “அம்மா?” எண்டான். ஆத்திரத்தில எல்லாத்தையும் கொட்டிப்போட்டன். பெடியன் நல்லா மெலிஞ்சு போனான்.

“விடுறாங்களோ இல்லையோ அப்பா, அம்மாவை ஒருக்காக் காட்டுங்கோ” எண்டான்.

அதை அப்பிடியே செலீனிட்டச் சொன்னன். சோத்தைப் போட்டுத் தந்திட்டு அறைக்குள்ள போயிட்டா.

செவ்வாய் வந்தது. அவவும் சீலை மாத்திக்கொண்டு வெளிக்கிட்டா. கல்லு மனம்! நானும் போனன், கோயில் எண்டும் பாக்காமல் கத்துறது எண்ட முடிவோட. வாசலில செருப்பைக் கழட்டினா. முழந்தாள் போடேல்ல. நடந்தே போய், பீடத்தடியில கனநேரம் நிண்டா.

“என்ன கேட்டனீர்?” எண்டன், வெளியில வந்தாப் பிறகு.

“தவணை கேட்டனான்.”

“என்ன?”

“கோட்டில அவன்ர கேசுக்கு எத்தினை தரம் தவணை போடுறாங்கள்? அந்தோனியார் எனக்கு ஒருக்காத் தரமாட்டாரோ? பிள்ளையைப் பாத்திட்டு வந்து மிச்சத்தைச் செய்யிறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்.”

ஏசத்தான் வாயைத் திறந்தன். அழுகைதான் வந்தது.

“சனம் பாக்குது, கண்ணைத் துடையுங்கோ” எண்டு அவதான் என்னை ஏசினா. “நாளைக்கு மெசினுக்கு வாறமெண்டு அந்த ஷபீகாப் பிள்ளைக்குச் சொன்னனீங்களோ, இல்லையோ?”