ஐம்பது அடிக்குக் கீழே

ஊரைவிட்டு வெளிநாடு வந்து கிங்ஸ்பரியில் மரக்கறிக் கடை வைத்திருக்கும் சண்முகராசா, நகரத்தின் விளிம்பில் ஒரு துண்டுக் காணி வாங்கி வெண்டியும் பயிற்றங்காயும் வளர்க்கிறார். போன கோடையில் குழாய்த் தண்ணீர் போதாமல் பாதிச் செடிகள் கருகிவிட்டன. இந்த வருடம் குழாய்க் கிணறு அடிப்பதென்று முடிவெடுத்தார்.

கிணறு அடிக்கும் கொம்பனியின் எஞ்சினியர் மேனுஷா வந்து காணியைப் பார்த்தாள்.

"அங்கிள், ஐம்பதடிக்குக் கீழ போறதெண்டால் முதலே அரசாங்கத்தின்ர நிலவியல் ஆய்வு நிறுவனத்துக்கு அறிவிக்கவேணும். சட்டம். எடுக்கிற மண்ணைப் பார்க்க வந்தினம் எண்டால் உள்ள விடவும் வேணும்."

"அப்ப ஐம்பதடியோட நிப்பாட்டுங்கோ."

"அவ்வளவும் களிமண். தண்ணி அதுக்கும் கீழ, சுண்ணாம்புப் பாறையிலதான் இருக்கு."

"எனக்குக் கிணறு வேண்டாம்."

மேனுஷாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் மனைவி மாலினிதான் சொன்னாள்: "ஊரில எங்கட காணியை அரசாங்கத்து ஆக்கள் வந்து அளந்தவை. பிறகு கம்பிவேலி போட்டினம். இண்டைக்கும் உள்ள போக ஏலாது."

மேனுஷா வாதாடவில்லை. நிறுவனத்தின் தொலைபேசி எண்ணை மட்டும் கொடுத்துவிட்டுப் போனாள்.

இரண்டு நாள் யோசித்துவிட்டு சண்முகராசாவே அங்கே போன் எடுத்தார். காணியைப் பிடிப்பீர்களா என்று நேரடியாகவே கேட்டார். மறுமுனையில் பேசிய பெண் சிரிக்கவில்லை. பிடிக்க மாட்டோம், கீழே என்ன இருக்கிறதென்று அறிவதுதான் எங்கள் வேலை, விரும்பினால் உங்கள் விபரத்தை வெளியாருக்குக் காட்டாமல் வைக்கவும் சட்டத்தில் இடமுண்டு என்றாள். காட்ட வேண்டாம் என்றார் சண்முகராசா.

துளையிட்ட அன்று நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்தார். சண்முகராசா அவர் பின்னாலேயே நடந்தார். வந்தவர் எங்கே குனிந்தாலும் தன் போனில் படம் எடுத்தார். அந்த ஆள் களிமண்ணையும் வெள்ளைக் கல்லையும் பைகளில் போட்டு, நன்றி சொல்லிவிட்டு வாகனத்தில் ஏறிப் போனார். எதையும் அளக்கவில்லை. வாகனம் கண்ணுக்கு மறையும்வரை சண்முகராசா கேற்றடியிலேயே நின்றார்.

பின்னேரம் தண்ணீர் வந்தது. முதலில் பால்போல, பிறகு தெளிவாக.

அடுத்த கிழமை பக்கத்துக் காணிக்காரர் தேவராசா வந்து எட்டிப் பார்த்தார்.

"எவ்வளவு ஆழம் அண்ணை? என்ன மண்?"

எங்கே களி முடிந்தது, எங்கே கல் தொடங்கியது என்று சண்முகராசா நிலத்தில் தடியால் கீறிக் காட்டினார். வெண்டிப் பாத்தியில் நின்று பார்த்த மாலினிக்குச் சிரிப்பு வந்தது.

"ஒருத்தருக்கும் காட்டக் கூடாது எண்டெல்லோ நிறுவனத்து ஆக்களிட்டச் சொன்னீங்கள்?"

"அது அவையளுக்குச் சொன்னது," என்றார்.