கோட்டைச் சிறையில் ஒரு மாமியார்

கோட்டைச் சிறையைச் சுற்றிக்காட்டும் பெண்ணை அலுவலகத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘ரேடியோ’ என்றால்தான் அவளே திரும்பிப் பார்ப்பாள். வாயைத் திறந்தால் மூடத் தெரியாது என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். மாநிலப் பூங்காக்கள், வரலாற்றுச் சின்னங்கள் துறையில் கூட்டம் அலைமோதும் மான் பூங்காவும் அருவிப் பூங்காவும் இருக்க, அவளுக்கு வாய்த்தது ஏரிக்கரையில் இருந்த இந்தப் பழைய கோட்டை. படகு சவாரிக்கு வருகிறவர்கள் வெயிலுக்கு ஒதுங்க உள்ளே வருவார்கள். ரேடியோ உடனே ஆரம்பித்துவிடுவாள். வேர்வை அடங்கியதும் ஒவ்வொருவராக நழுவுவார்கள். மீதியைச் சுவருக்காவது சொல்லி முடித்துவிட்டுத்தான் ஓய்வாள்.

அன்று துறை இயக்குநர் ஆய்வுக்கு வருகிறார் என்று கோட்டை அமர்க்களப்பட்டது. ஒட்டடை அடித்தார்கள். சிறைக் கதவுகளின் பூட்டுகளுக்கெல்லாம் எண்ணெய் போட்டுத் துடைத்தார்கள். இயக்குநர் காரிலிருந்து இறங்கினார். மறுபக்கக் கதவைத் திறந்துகொண்டு, கறுப்புக் கண்ணாடி போட்ட ஓர் அம்மாளும் இறங்கினார்.

“என் மாமியார்,” என்றார் இயக்குநர், குரலை இறக்கி. “வீட்டுல எல்லாரும் வெளியூர் போயிருக்காங்க. தனியா விட்டுட்டு வந்தா...”

“வீட்டையே புரட்டிப் போட்டுடுவேனாம்,” என்று அம்மாள் முடித்துவைத்தார். “சோபாவைக் கொஞ்சம் தள்ளிப் போட்டேன். அதுக்கு இத்தனை பேச்சு.”

“இவங்களை எங்கயாவது நிழலா உட்கார வச்சுப் பாத்துக்கங்கம்மா. நான் படகுத்துறையைப் பாத்துட்டு வந்துடறேன்,” என்று ரேடியோவிடம் சொல்லிவிட்டு இயக்குநர் விட்டால் போதும் என்று நடந்தார்.

அம்மாளை நிழலில் உட்கார வைப்பது ரேடியோ நினைத்த மாதிரி லேசான காரியமாக இல்லை. நாற்காலி எடுக்கப் போய்த் திரும்புவதற்குள் அவர் கடைசிச் சிறையறைக்குள் நுழைந்து, கல் மேடையில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்திருந்தார்.

“அம்மா, கதவைத் தொடாதீங்க!” என்று ரேடியோ கத்தினாள்.

“உள்ள இருந்து பார்த்தா எப்படி இருக்குன்னு...” என்றபடி அம்மாள் கம்பிக் கதவை இழுத்தார். பல காலமாக அசையாமல் கிடந்த பூட்டு, காலையில் குடித்த எண்ணெயின் தெம்பில் ‘டக்’கென்று பூட்டிக்கொண்டது.

ரேடியோ சாவியைக் கொண்டுவந்து திருகினாள். சாவி பாதியாக முறிந்து, வளையம் மட்டும் கையோடு வந்தது. இயக்குநரின் மாமியாரைச் சிறையில் அடைத்த ஊழியர் என்று துறை முழுக்கப் பேசுவார்களே! உடனே பூட்டுக்காரருக்குப் போன் போட்டாள். ஒரு கார் கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பதாகவும் முடிந்ததும் வருவதாகவும் சொன்னார்.

“சாருக்கும் ஒரு வார்த்தை சொல்லிடறேம்மா.”

“வேண்டாம் பொண்ணே. மாப்பிள்ளை பதறிடுவார். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல, இங்க குளுகுளுன்னு இருக்கு. எழுந்திரிங்க, உட்காருங்கன்னு சொல்ல ஆளும் இல்ல.”

அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய குடும்பம் உள்ளே வந்தது. தலைப்பாகையாகத் துண்டு கட்டியிருந்த குடும்பத் தலைவர் கம்பிக்குள் எட்டிப் பார்த்து, “அட, ஆளெல்லாம் வச்சு நடிச்சுக் காட்டறாங்க!” என்றார். “ஏம்மா, நீங்க என்ன குத்தம் பண்ணீங்க?”

அம்மாள் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. “ராஜாவோட குதிரையைத் திருடிட்டேன்.”

குடும்பம் வாயைப் பிளந்தது. ரேடியோ குறுக்கே வந்தாள். “இந்தச் சிறையில குதிரைத் திருடன் யாருமே இருந்ததில்லை,” என்றாள். யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை.

“குதிரை என்ன கலரு?” என்று கேட்டார் துண்டுக்காரர்.

எத்தனை வருஷமாகத் தொண்டை வறளக் கத்துகிறோம், நம்மை ஒருத்தர் ஒரு கேள்வி கேட்டிருப்பாரா என்று ரேடியோவுக்குப் பொறாமை பொத்துக்கொண்டு வந்தது. கம்பியை நெருங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள்: “பொய் சொல்லாதீங்கம்மா. நிஜமாவே இங்க ஒரு பொம்பளை இருந்தா. தளபதியோட சமையல்காரி. விருந்துல உப்பு கூடிப்போச்சுன்னு உள்ள தள்ளிட்டாங்க.”

அம்மாள் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்; கண்கள் பளிச்சென்றன. “இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?” என்றவர், கூட்டத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். “குதிரைன்னு சொன்னது சும்மா, வெட்கத்துல. உண்மையில நான் சமையல்காரி.”

“உப்பைக் கூட்டினது நீதானே?” ரேடியோ கேட்டுவிட்டாள். நாம் எப்போது காவலாளி ஆனோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

“நான் சரியாத்தான் போட்டேன்! அவருக்கு நாக்கு செத்துப்போச்சு. ஊரெல்லாம் ருசிச்சுச் சாப்பிட்டுது, இவர் ஒருத்தருக்குத்தான் உறைக்குதா, உவர்க்குதா, ஒரு எழவும் புரியல!”

கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. வெளியே படகுக்கு வரிசையில் நின்றவர்கள் சத்தம் கேட்டு உள்ளே வந்தார்கள். ரேடியோ விசாரிப்பதும் அம்மாள் மல்லுக்கு நிற்பதுமாகக் கச்சேரி களைகட்டியது. நடுநடுவே கோட்டையை யார் கட்டினார்கள், விருந்து ஏன் நடந்தது, கைதிகளுக்கு என்ன சாப்பாடு என்று ரேடியோ அள்ளிவிட்டாள். ஒருத்தர்கூட நழுவவில்லை.

“இந்தத் தளபதிங்களே இப்படித்தான்,” என்றார் அம்மாள், கம்பியைப் பிடித்தபடி. “எங்க வீட்டுலயும் ஒருத்தர் இருக்கார். தட்டைப் பார்க்கறதுக்கு முன்னாடியே உப்பு பத்தலைம்பார்.”

சிரிப்பு அடங்கியபோது, கூட்டத்தின் பின்னால் முகம் சிவக்க இயக்குநர் நின்றுகொண்டிருந்ததை ரேடியோ பார்த்தாள். பக்கத்திலேயே கருவிப்பெட்டியோடு பூட்டுக்காரரும் நின்றார். சாவி வளையத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

“அத்தை, வெளிய வாங்க,” என்றார் இயக்குநர்.

“வர முடிஞ்சா வரமாட்டேனா மாப்பிள்ளை? பூட்டிக்கிச்சு.”

கூட்டம் இதுவும் நாடகம்தான் என்று நினைத்து மறுபடியும் கைதட்டியது. “தளபதி வந்துட்டார்!” என்று துண்டுக்காரர் கூவினார். “விட்டுடுங்க சார், பாவம்! உப்புதானே!”

இயக்குநர் சுற்றுமுற்றும் பார்த்தார். எல்லாக் கண்களும் அவர் மேல்தான் இருந்தன. படகுத்துறையே காலியாகி இங்கே நின்றதையும் அவர் பார்க்காமல் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார். “சரி,” என்றார். “உப்பு... சரியாத்தான் இருந்துச்சு. திறந்து விடுங்க.”

பூட்டுக்காரர் பூட்டுக்குச் சேதம் வராமல் உடைந்த துண்டைப் பக்குவமாக உருவினார். கதவு திறந்ததும் எழுந்த ஆரவாரத்தில் மேலே இருந்த புறாக்கள் பறந்தன.

காரில் ஏறும்போது இயக்குநர் ரேடியோவை அருகே அழைத்தார். திட்டப்போகிறார் என்று அவள் தலையைக் குனிந்தாள்.

“அந்தப் பூட்டைக் கழட்டி உள்ள வைங்க, வெறும் கொக்கி போதும்,” என்றார். பிறகு மெதுவாக, “வார லீவுல அத்தையை இங்க கொண்டுவந்து விட்டா உங்களுக்குச் சிரமமா இருக்குமா?” என்று கேட்டார்.

அப்படித்தான் அம்மாள் வார விடுமுறைக் கைதியானார். தலையணை சகிதம் வந்து இறங்குவார். இருவருக்கும் சண்டைக்குக் குறைவில்லை. அம்மாள் கதையில் ஒரு காதலனை நுழைக்கப் பார்ப்பார், ரேடியோ ஒற்றைக் காலில் நின்று தடுப்பாள். உள்ளதுக்கு மேல் ஒரு சொல் கூடாது என்பாள்.

ஒருநாள் விடாத மழை. ஏரிப்பக்கம் ஓர் ஈ, காக்கை இல்லை. இருவரும் கல் மேடையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

“ஆமா, அந்தச் சமையல்காரி கடைசியில எப்படித்தான் வெளிய போனா?” என்று கேட்டார் அம்மாள்.

“தெரியாதும்மா. யாரும் எழுதி வைக்கல.”

“சும்மா சொல்லேன். யாரு கேக்கப் போறா?”

ரேடியோ வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு அம்மாள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, தலையணையின் ஒரு முனையைத் தன் முதுகுக்கு இழுத்துக்கொண்டு, “காவலாளிக்குப் பயங்கரப் பசியாம்...” என்று ஆரம்பித்தாள்.